கம்மலில் ஒரு கல்

எட்டாம் வகுப்பில் எல்லாப் பெண்களும் போட்டிருக்கிறார்கள் என்று அழுது அடம்பிடித்துத்தான் குழலி அந்தக் கம்மலை வாங்கினாள். அதிலுள்ள கல் வழியாக அவள் பேசுவதையும் நடப்பதையும் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே பார்த்து ஓட்டுப் போடுவார்கள். பெண் மாதிரி இருந்தால் கல் பச்சையாகும். இல்லாவிட்டால் சிவக்கும்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது, அவள் அம்மா ரேணுகாவுக்கு மகளின் பழைய சிரிப்பைக் கேட்க ஆசை வந்தது. முன்பெல்லாம் மூக்கில் குர்ரென்று சத்தம் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ரேணுகா அவள் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினாள்.

குழலியின் வாய் திறந்தது. கல் சிவக்கத் தொடங்கியதும் மூடிக்கொண்டது. பிறகு உதடு பிரியாமல் மெல்லச் சிரித்தாள். கம்மல் போட்ட எதிர்வீட்டுப் பெண்ணும் அச்சு அசலாக இப்படித்தான் சிரிப்பாள்.

"ஏன்டி, உனக்குக் கூசவே இல்லையா?" என்று ரேணுகா வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கும் அதே குர்ர்.

மகள் காதில் கல் செக்கச்செவேலென்று எரிந்தது.

"மெதுவாம்மா. உனக்கும் ஓட்டுப் போடறாங்க."

ரேணுகாவின் கை அவளையறியாமல் எழுந்து தன் வாயைப் பொத்தியது.

கல் பச்சையானது.