வரிசையில் கடைசி வெங்காயம்

"அண்ணே, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க மருமகளுக்கு உங்க மேல என்ன பகை?"

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தையல்காரம்மா இப்படிக் கேட்டதும் மண்டிக்காரர் நிமிர்ந்தார்.

"பகையா? ஏன்?"

"நீங்க சாயங்காலம் முட்டி தேய உக்காந்து நடற வெங்காயத்தை, அவ விடியக்காலைல வந்து ஒண்ணொண்ணாப் பிடுங்கறா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஒரு நாள் இல்லண்ணே, தினமும்."

மண்டிக்காரருக்கு உச்சந்தலை சுர்ரென்றது.

வாழ்நாளெல்லாம் வெங்காய மண்டி நடத்தியவர். மூட்டைக்குள் கையை விட்டால் போதும்; எது அழுகல், எது ஈரம், எது நாள்பட நிற்கும் என்று விரலே சொல்லிவிடும். அந்த விரல் நுனிகளைத்தான் சர்க்கரை முதலில் மரத்துப்போக வைத்தது. அப்புறம் கண்ணையும் மங்கலாக்கியது. மண்டியை மூடிவிட்டு வீட்டோடு உட்கார்ந்தவர், சண்டை போட ஆள் கிடைக்காமல் கதவோடும் செருப்போடும் மல்லுக்கு நின்றார்.

மழை விட்டு மண் பதமானதும் ஒரு பை விதை வெங்காயம் வாங்கிவரச் சொன்னார். கோலிக்குண்டு அளவில் குட்டிக் குட்டி வெங்காயம். தினம் ஒரு வரிசை என்று கணக்கு.

"நானும் கூட வரட்டுமா மாமா?" என்றாள் மருமகள், முதல் நாள்.

"வெங்காயத்துல எனக்கே பாடம் எடுக்கப் போறியா? ஒருத்தரும் தோட்டத்துப் பக்கம் தலை காட்டக் கூடாது. இது ஒண்ணாவது என் கையால வளரட்டும்!"

அதோடு பேச்சு சுருங்கிப்போனது.

"மாத்திரை, மாமா."

"வெச்சுட்டுப் போ, மகாராணி."

அவ்வளவுதான். அந்த வஞ்சத்தையா வெங்காயத்திடம் காட்டுகிறாள்? ஊமை மாதிரி இருந்துகொண்டு எவ்வளவு அழுத்தம்!

மறுநாள் விடியும் முன்பே பின்கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கையில் தடி. வாயில் வசவுகள் வரிசை கட்டி நின்றன.

செருப்புச் சத்தம் கேட்டது. அவள்தான். மண்ணைக் கிளறும் சத்தமும் கேட்டது. மண்டிக்காரர் தடியை ஊன்றி எழப்போனார். அதற்குள் இன்னொரு குரல். அவர் மகன், பஸ் டிரைவர். முதல் வண்டி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு எத்தனை?"

"பாதிக்கு மேல. வேர் மேல, தலை கீழ."

"விட்டுத் தொலையேன். தலைகீழா நட்டா முளைக்கவே முளைக்காதா?"

"முளைக்கும். மண்ணுக்குள்ளயே வளைஞ்சு திரும்பி மேல வர்றதுக்குள்ள கோணிப் போயிடும். கடைசில அவர் கைல கோணல் வெங்காயத்தைக் குடுக்கச் சொல்றீங்களா?"

"அப்ப அப்பாகிட்டயே சொல்லிடு. தலை எது, வேர் எதுன்னு உங்க கைக்குப் பிடிபடலைன்னு."

"யார்கிட்ட, மண்டிக்காரர்கிட்டயா? வெங்காயம் உங்களுக்கு அந்நியமாப் போச்சுன்னு அவர்கிட்ட என் வாயால சொல்லணுமா? போங்க நீங்க. அதுக்கு நான் மகாராணின்னே திட்டு வாங்கிட்டுப் போறேன்."

அவன் போய்விட்டான். அவள் மண்ணோடு பேச ஆரம்பித்தாள்.

"வாடா ராசா, நிமிந்து உக்காரு. உன்னைக் குட்டிக்கரணம் போட வெச்சுட்டாரா எங்க மாமா? கோவிச்சுக்காதே. அவர் கை ரொம்ப நல்ல கை."

மண்டிக்காரர் தடி தரையில் தட்டாமல் பார்த்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். படுக்கையில் விழுந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாத்திரை, மாமா."

"வெச்சுட்டுப் போ, மகாராணி" என்றார். சத்தம் அதே சத்தம்தான். காரம்தான் இல்லை.

அவள் போனதும் பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். விரலில் உருட்டினார். ஊஹூம். கன்னத்தில் தேய்த்தார். கடைசியில் உதட்டில் வைத்தார். ஒரு பக்கம் சருகு மாதிரிக் காய்ந்த நுனி. புரட்டினால், மழிக்காத தாடி மாதிரிச் சொரசொரப்பு. அதுதான் வேர்!

அன்று சாயங்காலம் ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்து நட்டார்.

"என்னண்ணே, வெங்காயத்துக்கு முத்தமெல்லாம் குடுக்கறீங்க?" வேலிக்கு மேலே தையல்காரம்மாவின் தலை.

"இத்தனை வருசம் சோறு போட்டுதும்மா. குடுத்தா என்ன?"

"அது சரி. மருமகளைக் கேட்டீங்களா? இன்னிக்கும் பிடுங்கினாளே!"

"நான்தான் பிடுங்கிப் பாக்கச் சொன்னேன். அது எங்க தொழில் ரகசியம். நீங்க உங்க துணியைப் பாருங்க!"

தலை மறைந்தது.

வரிசை முடிய ஒன்றே ஒன்று பாக்கி. அதையும் உதட்டில் வைத்துப் பார்த்தார். இது தலை, இது வேர். சந்தேகமே இல்லை.

குழி வரை போன கை நின்றுவிட்டது.

எல்லாமே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், கிழவன் ஒட்டுக் கேட்டுவிட்டான் என்று காலையில் அவளுக்குத் தெரிந்துபோகும். அப்புறம் யாரைப் பார்த்து "வாடா ராசா" என்பாள்?

மண்டிக்காரர் அந்த வெங்காயத்தைக் கவனமாகத் தலைகீழாகத் திருப்பி நட்டு, மண்ணைத் தட்டிவிட்டார்.

மறுநாள் விடியும் முன்பே பின்கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். இந்த முறை தடி எடுத்துப்போகவில்லை.