வெயில் படாத கை

"ஆடாம உட்காருங்க," என்று மிரான் தன் புருஷன் கிதேவின் முகத்தில் பழுப்புப் பவுடரைத் தடவினாள். துளி மினுமினுப்பு இல்லை. ஞாயிறு முழுக்கப் போர்வைக்குள் கிடந்த கிதே, நாளெல்லாம் வெயிலில் கால்ஃப் ஆடியவனாக மாறிவிட்டான்.

"வேர்த்தா வழியுமா?"

"பவுடர் வழியாது. கம்பெனி டைரக்டர் முன்னாடி நீங்க வழியாம இருந்தா சரி."

கைகள் இரண்டிலும் பூசிக்கொண்டு கிளம்பினான்.

கால்ஃப் ஆடாதவனை ஆளாகவே மதிக்காதவர் டைரக்டர் குவோன். சியோல் அலுவலகத்தில் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து நல்ல ஆட்டம் போல?"

"ஆமா சார். பதினெட்டு குழியும்."

"கால்ஃப் ஆடறவன் இடது கையில உறை போடுவானே. உனக்கு அந்தக் கையும் எப்படிப்பா கறுத்துச்சு?"

கிதே இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். இந்த வருடப் பதவி உயர்வு அவ்வளவுதான்.

டைரக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தன் கைகளை நீட்டினார். வலது பழுப்பு, இடது வெளுப்பு.

"பத்து வருஷமா முகத்துக்கும் வலது கைக்கும் மட்டும்தான் பூசறேன். இதுகூடத் தெரியாதா?"

பிறகு, கறைபடிந்த தன் காலரைத் தடவியபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஆமா, உன் சட்டையில ஒட்டவே இல்லையே. என்ன பவுடர் அது?"