மூன்றாவது பலகை

பாகலூர்ச் சாலையில் எங்கள் கிரானைட் பட்டறைக்கு மூன்று தலைமுறைப் பெயர். வாங்க வந்த மோகன்குமார் வழக்கம்போல் பலகைமேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சங்குச் சுழி ஒன்று தெரிந்தது.

நிலவியல் படித்த தம்பி மகள் சுஹைனா குனிந்தாள். "பெரியத்தா, இது கல்லாப்போன கடல் பிராணி. இதை வெச்சுத்தான் பாறை அடுக்குக்கு வயசு சொல்லுவாங்க. நம்ம கல்லு நெருப்புல உருகுனது. இதுல இருக்கவே கூடாது."

"துண்டு சேத்து ஒட்டுன ஒட்டுக்கல்லா பாய்?" என்று மோகன்குமார் சிரித்தார்.

"எங்க குடும்பத்துல ஒட்டு வேலையே கெடையாது," என்றேன்.

அதே பாறையில் அறுத்த அடுத்த பலகையை நனைத்தேன். சுழி விளிம்புக்கு நகர்ந்திருந்தது.

மூன்றாவதில் சுழியே இல்லை. விளிம்பில் குழி மட்டும். நனைக்கும் முன்பே அதனடியில் தரை ஈரமாயிருந்தது. உப்பு வாடை.

"பாருங்க, சுத்தமான கல்லு," என்றேன்.

அங்கிருந்து வாசல்வரை ஊர்ந்துபோன ஈரத் தடத்தை யாரும் பார்க்குமுன் செருப்பால் தேய்த்தேன். அது எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.