முதலில் வாய் திறந்தவர்

ஏம்பலம் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கரும்பு எதிலிருந்து முளைக்கும் என்பதுதான் கேள்வி. டீச்சர் கேட்டு வெகு நேரமாகிவிட்டது. ஊரைச் சுற்றிலும் கரும்புக் கொல்லை. பாதிப் பிள்ளைகள் அதற்குள் புகுந்துதான் பள்ளிக்கே வந்திருக்கும். ஆனாலும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

பேராசிரியர் புகழ்வேந்தனுக்கு நாற்காலி சுட்டது.

பின் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க, வெளிநாட்டுத் தலைமை ஆசிரியர்கள். கூட்டிவந்தவர் இவர்தான். கேள்வி கேட்டால் பதிலை ஊட்டாதே, பொறு, பிள்ளை யோசிக்கட்டும். இந்த ஒரே சரக்கைத்தான் நாடு நாடாகக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார். நல்ல சரக்குதான். பாடம் நடத்தும் அருள்மொழி டீச்சரும் அவரிடம் பயிற்சி எடுத்தவர். இன்றைய வகுப்பு பிடித்துப்போனால் பின் பெஞ்சுக்காரர்களின் பள்ளிகளிலும் இவர் பயிற்சிதான். பிடிக்காவிட்டால் வேனில் ஏறும்போதே கைகுலுக்கல் தளர்ந்துவிடும்.

பேராசிரியரின் அப்பா மாட்டுத் தரகர். விலையைச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பிப்பார். எதிராளி தானாக வாய் திறக்கிறவரை அடுத்த வார்த்தை வராது. மகன் அதையே இங்கிலீஷில் எழுதிப் பேராசிரியர் ஆனார்.

மின்விசிறி கிரீச்சிட்டது. ஒரு வெள்ளைக்கார அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் பேனாவை மூடினார்.

டீச்சர் மட்டும் சாக்பீஸை உருட்டிக்கொண்டு சாவகாசமாக நின்றார். பேராசிரியருக்கு அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

கொட்டாவி. இது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தார்.

"கரணை" என்று பேராசிரியரே சொல்லி எழுந்துவிட்டார். கரும்பை வெட்டித் துண்டாக நடுவதை இங்கிலீஷில் விளக்கவும் செய்தார்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

பிள்ளைகள் தட்டவில்லை. எல்லாத் தலையும் மூன்றாம் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. அந்தப் பெண் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

முன் பெஞ்சு இரட்டைச் சடைக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா சார் நீங்க. கரணைனு எங்களுக்குத் தெரியாதா? திக்குதுன்னு ஜோஸ்பின் கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டா. இன்னிக்கு நானே சொல்றேன்னா. அதான் எல்லாரும் கம்முனு இருந்தோம். 'க' வரைக்கும் வந்துட்டா சார்."

அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்கார அம்மாள் ஆவலாகக் கேட்டார். மொழிபெயர்க்க இவரை விட்டால் ஆளில்லை.

வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

வகுப்பு பொறுமையாகக் காத்திருந்தது.