ஓட வைத்தவள்

"எந்திரிங்க."

டெய்லரம்மா போர்வையின் ஒரு முனையைப் பிடித்து உருவினாள். பஸ் டிரைவரான அவள் கணவர் மறுமுனையை விடவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு. முட்டி வலிக்குது."

"நேத்து முதுகு. முந்தாநாள் மேகமூட்டம். ஷூவை மாட்டுங்க."

"வெளியே பயங்கரக் குளிரு. நீயும் போகாதே. உன்னால முடியாது."

"முடியாதா? நான் முன்னாடி போறேன், பின்னாடி வந்து சேருங்க."

சில மாதங்களுக்கு முன் இருவரும் சேர்ந்துதான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார்கள். முடிவு வரும் அன்று அவளுக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடந்தது. அவர் மட்டும் போனார். தொங்கிய முகத்தோடு திரும்பி வந்து, "சர்க்கரை எல்லையில நிக்குதாம். தினமும் ஓடணுமாம். அதெல்லாம் நம்மளால ஆகிற காரியமா?" என்று கையை விரித்தார்.

சர்க்கரை முற்றி ஒரு கால் போய்விட்ட அம்மாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியவள் அவள்.

"அந்த வியாதி இந்த வீட்டுப் படியேறக் கூடாது. நீங்க ஓடுறீங்க. நானும் கூட வர்றேன்" என்றாள்.

மெஷினை விட்டு நகராதவள் தெருவில் ஓட ஆரம்பித்தாள். முதல் வாரம் முனை திரும்புவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. மாடி வீட்டுக்காரர் பால்கனியில் சாய்ந்துகொண்டு, "என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டியா?" என்று சிரித்தார்.

"ஆமா. அடுத்த சுத்துல பிடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு, அவருக்காகவே இன்னொரு சுற்று ஓடினாள்.

கணவர் எப்போதும் புலம்பிக்கொண்டே பின்தங்கி வருவார். அவரைத் திட்டுவதற்கென்றே அவள் திரும்பி வந்து, மறுபடி முன்னால் ஓடுவாள்.

சில விடியல்களில் அவளுக்கும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். புரண்டு படுப்பாள். பக்கத்திலிருந்து நிம்மதியான ஒரு கொட்டாவி கேட்கும்.

"அப்பாடா, நீயும் போகலையா?"

அடுத்த நிமிடம் அவள் வாசலில் நின்று ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள்.

இருவருக்கும் எடுத்த மறு பரிசோதனையின் முடிவு கேட்க இந்த முறை அவளே டாக்டரின் அறைக்குள் முதலில் நுழைந்தாள், சண்டைக்குப் போகிறவள் மாதிரி. பின்னால் வந்த கணவர் உட்காராமல், ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், மாத்திரை கீத்திரைன்னு எதுவும் எழுதாதீங்க. இவரை நான் ஓட வச்சுக் காட்டிட்டேன். இவருக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு, அதை மட்டும் சொல்லுங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவருக்கு இருந்தாத்தானேம்மா குறையறதுக்கு? குறைஞ்சிருக்கிறது உங்களுக்கு."