கம்பில் மாட்டிய தொப்பி

கோரா நடித்த கௌபாய் படங்கள் எல்லாவற்றிலும் டெக்ஸ்டர்தான் கதாநாயகன். படம் முடியும்போது அவன் குதிரையேறிப் போவான். அவள் வாசலில் நின்று அழுதபடி கையசைப்பாள். அவள் அழுவதைக் கடைசியில் தனியாக எடுப்பார்கள். அதற்குள் அவன் மேக்கப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவனுடைய தொப்பியை ஒரு கம்பில் மாட்டி கேமராவுக்குப் பக்கத்தில் நட்டுவைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அழுவாள். முதலில் காதலியாக, பிறகு மனைவியாக, தலை நரைத்ததும் அவனுக்கே அம்மாவாக. பேசும் படம் வந்த பிறகும் கம்பு மாறவில்லை.

கடைசிப் படத்தில் டெக்ஸ்டருக்கு முட்டி வலி. அவனுக்குப் பதிலாக வேறொருவன் குதிரையில் போனான். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த டெக்ஸ்டர், ஒத்திகையில் அவள் அழுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தான்.

“இத்தனை வருஷமும் இப்படியா அழுதா?” என்று டைரக்டரிடம் கேட்டான்.

“அப்பல்லாம் நீங்க கிளம்பியிருப்பீங்க சார்.”

அவன் மெல்ல எழுந்து கம்புக்கு முன்னால் போய் நின்றான். “இந்தத் தடவை என்னைப் பாத்தே அழு, கோரா.”

கேமரா ஓடியது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வரவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றாள். “தொப்பி தெரியல.”