பதினேழாவது சீட்டு

"உங்க பேரு என்னங்கம்மா?"

"அங்கம்மாளுங்க."

"வயசு?"

"அம்பத்தெட்டு இருக்குமுங்க."

நோட்டில் எழுதிக்கொண்டே சத்யபிரியா நிமிர்ந்து சிரித்தாள். வந்தவரைச் சிரித்த முகத்தோடு பேசவைக்க வேண்டும். போன தடவை இதில் கோட்டைவிட்டுத்தான் ஃபெயிலானாள். "நோயாளி வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே நீ வியாதிக்குப் பேர் வெச்சுட்டியேம்மா" என்று தேர்வாளர் எல்லோர் எதிரிலும் சொன்னது இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அங்கம்மாள் வேறு யாருமில்லை, அவளுடைய மாமியார் சௌந்திரம்தான். மல்லசமுத்திரத்தில் அவர்கள் வீட்டுச் சமையலறைதான் பதினேழு நாளாக ஆஸ்பத்திரி.

சத்யபிரியாவுக்கு ராசிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு வருடமாக நர்ஸ் வேலை. குடும்ப மருத்துவச் செவிலியர் சான்றிதழ் பரீட்சையில் தேறிவிட்டால் கிராமத்து மையத்தில் தனியாக உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கலாம். இன்னும் நாலே நாளில் சேலத்தில் பரீட்சை. இதிலும் போனால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

கூட வேலை பார்க்கும் வசந்தாமணி இருபது சீட்டுகளில் இருபது நோயாளிகளின் கதையை எழுதி, சத்யபிரியா திருட்டுத்தனமாகப் பார்த்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்திருந்தாள். தினம் ஒரு சீட்டை மாமியார் எடுப்பார். வளையலில் தொங்கும் ஊக்கால் பின்னை நெம்பி, எழுத்துக் கூட்டிப் படித்து, அந்த நோயாளியாகவே மாறிவிடுவார். ஆஸ்துமா சீட்டு வந்த அன்று அவர் மூச்சு இழுத்த இழுப்பில் பக்கத்து வீட்டுப் பாலசுந்தரம் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்துவிட்டார்.

இன்றைக்கு சத்யபிரியா கை கழுவிவிட்டு வருவதற்குள் சீட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு தயாராக உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா, உடம்புக்கு என்ன பண்ணுதுங்க?"

சௌந்திரம் தரையைப் பார்த்தார். "சொல்றதுக்கே கூச்சமா இருக்குதுங்க."

இன்றைக்கு அசத்துகிறாரே என்று நினைத்துக்கொண்டாள் சத்யபிரியா. "எங்கிட்ட என்னங்கம்மா கூச்சம்? உங்க மகளாட்ட நெனச்சுக்குங்க."

"தூரம் நின்னு எட்டு வருசமாச்சுங்க. இப்ப மறுக்காப் படுதுங்க."

மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு. வியாதியின் பேர் சத்யபிரியாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவசரப்படக் கூடாது, கேட்க வேண்டியதை எல்லாம் கேட்ட பிறகுதான் பேர்.

"எப்ப இருந்துங்க?"

"செவலை கன்னு போட்டதுல இருந்துங்க."

சத்யபிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வசந்தாமணியின் நோயாளிக்கு நம் கட்டுத்தரை மாட்டையே பிடித்துக் கொடுத்துவிட்டாரே! செவலை கன்று போட்டு நாலு மாசமிருக்கும். 'நான்கு மாதம்' என்று குறித்துக்கொண்டாள்.

"உடம்பு எளைச்சிருக்குதுங்களா?"

"ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சுங்க. ஊக்குக் குத்தித்தான் போட்டுக்கறேன்."

வளையலில் கிடக்கும் ஊக்கு இன்றைக்கு மாமியாரின் தோள்பட்டையில் இருந்தது. நடிப்பென்று வந்துவிட்டால் இந்த அம்மாவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

"ஊட்டுல ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"அவிங்கவிங்களுக்குத் தலைக்கு மேல சோலிங்க. நடுவுல நானும் எதுக்குங்க."

"நாலு மாசமாக் கூட இருக்கறவிங்க கண்ணுக்கே தெரியலைன்னா அது என்னங்க ஊடு?" சத்யபிரியா நிஜமாகவே கோபப்பட்டாள். உடனே குரலை இறக்கினாள். "பயப்படாதீங்க. ஆனா இனி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். கர்ப்பப்பைய ஸ்கேன் பண்ணி, சதை டெஸ்ட்டும் எடுக்கோணும். புத்துநோயான்னு பாத்தறோணுங்க."

சௌந்திரம் கைக்குள் இருந்த சீட்டை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

"பொழச்சுக்கலாங்களா?"

இந்தக் கேள்வி பரீட்சையில் கட்டாயம் வரும். பதிலை சத்யபிரியா மனப்பாடமே செய்து வைத்திருந்தாள். "நேரத்தோட பாத்தா நிச்சயமாப் பொழச்சுக்கலாங்கம்மா."

நோட்டைப் படாரென்று மூடினாள். ஒரு கேள்வியும் விட்டுப்போகவில்லை, எங்கேயும் அவசரப்படவில்லை. பதினேழு நாளில் இப்படி ஒரு நாள் அமைந்ததே இல்லை.

"அத்தை, நூத்துக்கு நூறு! சீட்டைக் குடுங்க, வசந்தாமணி எழுதுனதோட ஒத்துப் பாத்தர்றேன்."

சௌந்திரம் உட்கார்ந்தபடியே விரல்களைப் பிரித்து நீட்டினார். சீட்டு வேர்வையில் ஊறி நைந்துபோயிருந்தது. வசந்தாமணி அடித்த ஸ்டேப்ளர் பின் அடித்தது அடித்தபடியே இருந்தது.

சத்யபிரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்கத்தை... இதைப் பிரிக்கவே இல்லீங்களே?"

"அங்கம்மாளுன்னு ஆருமில்ல சாமி. நாந்தான்."